ஐம்பது ரூபாய்ப் பறவை

இலங்கையின் ஐம்பது ரூபாய்த் தாள் எப்போதாவது உங்கள் கைக்கு வந்தால் உடனே செலவழித்துவிடாதீர்கள். 2010 வரிசைத் தாளாக இருந்தால் அது நீல நிறத்தில் இருக்கும். முன்பக்கத்தில் மன்னம்பிட்டியின் பழைய பாலமும் புதிய பாலமும், கூடவே ஒரு வண்ணத்துப்பூச்சி, ஒரு சின்னஞ்சிறு பறவை. அந்தப் பறவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மங்கல்நீல ஈப்பிடிப்பான். இலங்கைத் தீவின் மலைநாட்டை விட்டால் இந்த உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். வாழ்நாளில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிடுங்கள்.

அளவில் நம் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் ஒல்லி. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். உடம்பு முழுக்கச் சாம்பல் கலந்த நீலம், துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடையின் நீலம். அதோடு நின்றிருந்தாலே அழகுதான். ஆனால் நெற்றியில் மட்டும் அந்த நீலம் பளிச்சென்று ஏறி நிற்கிறது. அலகுக்குக் கீழேயும் அப்படித்தான். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கரிய திட்டு. வயிறு வெளுப்பு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி. குஞ்சாக இருக்கும்போது நீலமே இருக்காது. பழுப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். அந்தப் புள்ளிக்குஞ்சு இறகு மாற்றி நீலத்துக்கு வருகிற இடைக்காலத்தில் ஒன்றைப் பார்த்தேன். தலையும் மார்பும் இன்னும் பழுப்பு, இறக்கையில் மட்டும் நீலம் எட்டிப் பார்க்கிறது. எனக்கு அன்று வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஈப்பிடிப்பான்கள் எனக்குப் புதியவை அல்ல. சென்னை மேடவாக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், இன்னொரு பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு. பள்ளிக்கரணைக்கு 2022-இல் உலகளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தபிறகு அதன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. நன்மங்கலத்தை இன்னும் பலர் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும் புதராகவே நினைக்கிறார்கள். அந்தப் புதர்க்காட்டில்தான், பழைய கல்குவாரிப் பள்ளங்களின் ஓரத்தில், கொம்பன் ஆந்தை வாழ்கிறது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கினால் பழுப்பு ஈப்பிடிப்பானும் அரசவால் ஈப்பிடிப்பானும் வந்து இறங்கும். ஒரு கிளையில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, மீண்டும் வந்து உட்காருகிற அந்தப் பழக்கத்தை நான் முதலில் கற்றுக்கொண்டது இந்த நன்மங்கலத்தில்தான்.

ஆனால் இங்கே வருபவை விருந்தாளிகள். பங்குனி வெயில் ஏறினால் கிளம்பிவிடும். ஆறுமணிக்குருவியும் நீலச்சிட்டும் சென்னையைத் தங்குமிடமாகக்கூட வைத்துக்கொள்வதில்லை. செப்டம்பர், அக்டோபரில் இரவோடு இரவாகத் தெற்கே போகிற வழியில் களைத்துப்போய் நம் வீட்டுத் தோட்டத்தில், சில சமயம் மொட்டைமாடியில்கூட, ஒரு நாள் இறங்கிவிட்டு மறுபடி கிளம்புகின்றன. அவற்றில் பல கடலைத் தாண்டி இலங்கைக்குப் போய்விடுகின்றன. அவற்றை வழியனுப்பிக்கொண்டே இருந்த எனக்கு, எங்கும் போகாத ஓர் ஈப்பிடிப்பான் அந்தத் தீவின் உச்சியில் இருக்கிறது என்று தெரிந்தபோது, அதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் போகிற நேரத்தில் கால்வாசிகூட ஆகாது. அதற்குமேல்தான் பயணமே. கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி, தென்னந்தோப்பையும் வயலையும் கடந்து, ஹட்டன், தலவாக்கலை என்று மலைக்கு ஏற ஏறக் காற்று மாறுகிறது. நிலையப் பலகைகளில் தமிழ். நடைபாதையில் வடை விற்பவரின் குரலும் தமிழ். நானுஓயாவில் இறங்கி நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது ஸ்வெட்டர் போதாமல் சால்வையும் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஊர் கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். பக்கத்தில் நிற்கும் பிதுருதலாகல 2,524 மீட்டர். தீவிலேயே உயரமான மலை அதுதான்.

முதல் பறவை ஹக்கலவில். நுவரெலியாவிலிருந்து வெலிமடை போகிற சாலையில் சீதையம்மன் கோயிலைத் தாண்டினால் வருவது ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861-இல் காய்ச்சல் மருந்துக்கான சின்கோனா மரங்களை வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கியது. இப்போது ரோஜாவும் பெரணியும் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பூங்காவின் பின்புறம் அப்படியே மலைக்காட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காடு 1938 முதலே கடும் பாதுகாப்பில் இருக்கிறது. நான் காட்டு ஓரத்துக்குப் போய் நின்று தேடலாம் என்று படியேறிக்கொண்டிருந்தேன். உலகத்தில் ஒரே ஒரு தீவில் மட்டும் வாழும் பறவை என்றால் காத்திருந்து, மறைந்திருந்து, அட்டைக்கடி பட்டு, கடைசியில் தூரத்தில் ஒரு நிழலாகத்தான் பார்க்க முடியும் என்பது என் எண்ணம்.

படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது அது. என்னிடமிருந்து நாலு முழம் இருக்கும். நான் நின்றுவிட்டேன். அது என்னைப் பார்த்தது, பிறகு தலையைத் திருப்பிப் புல்லைப் பார்த்தது. ஒரு பாய்ச்சல். புல்லில் இருந்த எதையோ கொத்திக்கொண்டு பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளைக்குப் போய் உட்கார்ந்தது. இருநோக்கியைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. வெறுங்கண்ணில் அந்த நெற்றி நீலம் தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கத்திக்கொண்டே ஏறி வந்தது. அப்போதும் அது போகவில்லை. பிள்ளைகள் கடந்துபோக, மீண்டும் கம்பிக்கே வந்தது.

இதுதான் என்னைப் புரட்டிப்போட்டது. உலகளவில் பார்த்தால் இத்தனை அரிதான உயிர். அதன் சொந்த ஊரில் பார்த்தால் வாசலில் வந்து உட்காரும் பக்கத்துவீட்டுக்காரர். பார்ப்பதற்குக் கஷ்டமான பறவைகளைத்தான் உயர்ந்த பறவைகள் என்று பறவை பார்ப்பவர்கள் நடுவே ஒரு நினைப்பு உண்டு. இந்தப் பறவையைப் பார்த்தபிறகு அந்த நினைப்பை நான் விட்டுவிட்டேன். கிட்டத்தில் வருகிற பறவைதான் முழுதாகத் தெரிகிறது. நிழலாகப் பார்த்துவிட்டுப் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்கிற பறவையின் கண்ணிமையை யாரும் பார்த்ததில்லை.

அன்று காலை முழுவதும் அந்த ஒரு பறவையோடுதான் கழிந்தது. அது வேட்டையாடும் விதத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி நேராக உட்காரும். உடம்பு அசையாது, தலை மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். காற்றில் பூச்சி கடந்தால் எட்டிப் பிடிக்கும். அலகின் அடியில் இருபுறமும் மயிர்மயிராக விறைத்த இறகுகள் இருக்கின்றன. ஈப்பிடிப்பான்களுக்கு உரிய அமைப்பு அது. பூச்சியைக் கவ்வும்போது இறக்கையும் காலும் கண்ணில் அடிக்காமல் காக்கின்றன என்று சொல்லப்படுகிறது. காற்றில் ஒன்றும் இல்லையென்றால் இலைக்கு அடியில் பார்க்கும், கம்பளிப்பூச்சியைப் பிடுங்கும், தரையில் இறங்கும். பழுத்த சிறு கனிகளையும் தின்னும். ஒரு தடவை பருத்த பச்சைப் புழு ஒன்றைப் பிடித்துக் கிளையில் இப்படியும் அப்படியும் அடித்துத் துவைத்து, அது துவண்டபிறகுதான் விழுங்கியது. பனி இறங்கி வெளிச்சம் மங்கினால் கீழ்க் கிளைக்கு வந்துவிடுகிறது. வெயில் அடித்தால் சற்று மேலே. பூச்சி எங்கே பறக்கிறதோ அங்கே இதுவும். நன்மங்கலத்தில் பழுப்பு ஈப்பிடிப்பான் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். இத்தனை பக்கத்தில், இத்தனை நிதானமாக, ஒரு நாளும் பார்த்ததில்லை.

அது பாடவும் செய்தது! ஈப்பிடிப்பான்களில் சில ‘டிக், டிக்’ என்று தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். இதற்கு ஒழுங்கான பாட்டு இருக்கிறது. ஆறேழு சுரங்கள், ஏறி இறங்கி, அவசரமே இல்லாமல். அதே வாக்கியத்தைச் சிறிது மாற்றி மறுபடி பாடும். நடுவே பூச்சி வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுப் பிடிக்கும், விழுங்கும், விட்ட இடத்திலிருந்து தொடரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், திறந்து பார்த்தேன், மறுபடி மூடிக்கொண்டேன்.

பூங்காவை விட்டு வெளியே வந்து, காட்டு ஓரமாகத் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிப் போகும் பாதையில் நடந்தபோது இன்னொரு ஜோடி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிழலுக்கு விட்டிருந்த மரத்தில். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தம்பி, அங்கேயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“அந்த நீலக் குருவிம்மா.”

“அதுவா? அது இங்கனயேதான் கெடக்கும். மழைன்னாலும் போகாது, பனின்னாலும் போகாது. லயத்து வீட்டு வாசலுக்கெல்லாம் வரும். எந்த ஊரு நீங்க?”

“சென்னைம்மா. தாம்பரத்துக்குப் பக்கத்துல மேடவாக்கம்.”

“எங்க தாத்தா முசிறிப் பக்கமுன்னு சொல்லுவாங்க. நாங்க யாரும் போயிப் பாத்ததில்ல.”

பையில் இருந்த ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, உற்றுப் பார்த்தார். “அட, இதுல இருக்கறது இவன்தானா!” என்று சிரித்துவிட்டு, பக்கத்து நிரையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தாள் கைமாறிக் கைமாறி நிரை முழுக்கப் போய் வந்தது. எனக்குப் பிளேன்டீ கிடைத்தது.

அந்த அம்மாவின் முன்னோர் வந்த கதைக்கும் இந்தப் பறவையின் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. 1823 தொடங்கி நம் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். மலைக்குப் போய்ச் சேர்ந்தவர்களைக் கொண்டு ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் காட்டை வெட்டிக் காப்பி நட்டார்கள். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி ஒழிந்தது. அதற்குள் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டுப் பார்த்திருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை ஏறியது. இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 1870-இல். பெயர் வைத்தவர் வால்டன் பிரபு. அதாவது உலகம் அதைப் பதிவு செய்துகொண்ட அதே காலத்தில் அதன் வீடு பாத்தி பாத்தியாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

அப்படியும் கொஞ்சம் காடு எப்படி மிச்சம் இருக்கிறது? இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு மனிதரின் மேல் பெரும் நன்றி வந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கும் காட்டை வெட்டக் கூடாது என்று 1873-இல் இலங்கை அரசுக்குப் பரிந்துரைத்தார். உச்சிக் காடு போனால் கீழே ஆறுகள் வற்றும் என்பது அவர் கணக்கு. அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொண்டதால்தான் இன்று ஹக்கலவும் ஹோட்டன் சமவெளியும் பிதுருதலாகலவும் பச்சையாக இருக்கின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றும் ஹோட்டன் சமவெளியைச் சுற்றித்தான் ஊற்றெடுக்கின்றன. தண்ணீருக்காக விட்டுவைத்த காட்டில் இந்த நீலக் குருவியும் பிழைத்தது.

ஹோட்டன் சமவெளிக்கு விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஆட்டோ ஓட்டி வந்த தம்பி, “அண்ணே, ரெண்டு ஸ்வெட்டர் போடுங்க, கேட்டுகிட்ட நிக்க முடியாது” என்றான். அவன் சொன்னது சரி. பட்டிப்பொலப் பக்கத்து வாசலில் டிக்கெட் வாங்கும்போது விரல் மடங்கவில்லை. உள்ளே போகுமுன் பையைத் திறக்கச் சொல்லி, பிஸ்கட்டின் மேலுறை முதற்கொண்டு பாலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு நல்ல காரியம்! நன்மங்கலத்திலும் இதைச் செய்தால் என்ன என்று ஏங்கினேன்.

அந்தக் காட்டை நம் நீலகிரிச் சோலைக்காடு என்றே சொல்லிவிடலாம். 2,100 மீட்டருக்கு மேலே, மரங்கள் காற்றுக்கு அஞ்சிக் குள்ளமாக நின்றுவிட்டவை. தலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையாகிவிட்டன. கிளை, தண்டு, வேர் எங்கும் பாசி. பாசியிலிருந்து தொங்கும் தாடி. மழையே பெய்யாவிட்டாலும் மேகம் வந்து மோதி, பாசி அதைப் பிழிந்து சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. ஊடே செக்கச்செவேலென்று காட்டுப்பூவரசு என்று நம்மூர் மலைகளில் சொல்லும் ரோடோடென்ட்ரான். புல்வெளியில் மிளாக் கூட்டம். இந்த இடம் 1988-இல் தேசியப் பூங்காவானது. 2010-இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலகப் பாரம்பரியப் பகுதியில் சேர்ந்தது.

இங்கே பெரும்பாலானவர்கள் ‘உலக முடிவு’ என்கிற பாதாள விளிம்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்த்தேன், நல்ல காட்சி. என் மனம் பாதையோரத்திலேயே இருந்தது. அந்தப் பாசிக்காட்டின் இருட்டில், ஈரக் கிளையில், நீல நெற்றி ஒன்று திடீரென்று ஒளிர்வதைப் பார்க்கும்போது மூச்சு நின்று திரும்புகிறது. ஹக்கலவின் வெளிச்சத்தில் பார்த்த அதே பறவைதான்; இங்கே அந்த நீலம் வேறு. வெயிலில் சாம்பலாக இருப்பது மூட்டத்தில் ஆழ்ந்துவிடுகிறது. எத்தனை படம் பார்த்திருந்தாலும் நேரில் நின்றால்தான் இது பிடிபடும்.

கூடு கட்டுவதும் பாசியால்தான். மண்மேட்டின் குழிவு, பாறை இடுக்கு, மரப்பொந்து இப்படி மேலே கூரையாக ஏதாவது இருக்கும் இடத்தில் பாசியைக் கிண்ணமாக வைத்து, உள்ளே மெல்லிய நார் விரித்து, இரண்டோ மூன்றோ முட்டை. பாதையை வெட்டிய மண்சுவரிலேயே ஒரு பழைய கூடு இருந்தது. சுற்றிலும் இருந்த பாசியோடு கலந்து, தெரிந்தவர் காட்டினாலொழியத் தெரியாது. பூங்கா வழிகாட்டி காட்டினார், தொடவில்லை, தள்ளி நின்றே பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

அந்தக் காலையில் கூடவே வந்தவற்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. மஞ்சள் காதோடு ஒரு கொண்டைக்குருவி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலங்கை வெள்ளைக்கண்ணி, புதருக்குள்ளிருந்து ஒரு நொடி வால் காட்டிய இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி. மூன்று பேருமே இந்தத் தீவை விட்டால் வேறு ஊர் இல்லாதவர்கள். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்றும், காண்டாமிருகக் கொம்பை எடுத்து வைத்தாற்போல் வெள்ளையாக நீட்டிக்கொண்டு, பாசி மூடிய தண்டில் அசையாமல் இருந்தது. அதுவும் அப்படித்தான்.

ஏன் இவை எல்லாம் இங்கே மட்டும்? நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கும் கடல் ஆழமற்றது. பனியுகங்களில் கடல்மட்டம் இறங்கியபோதெல்லாம் ராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே தரை தெரிந்தது. யானையும் சிறுத்தையும் நடந்தே போகக்கூடிய தரை. அந்தத் தரைப்பாலம் கிடைத்தும் இந்தச் சின்னப் பறவை கடந்து வரவில்லை. காரணம் கடலல்ல, வெயில். ஈரமான மலைக்காட்டில் வாழ்கிற உயிருக்கு நடுவில் இருக்கும் வறண்ட சமவெளி, இராமநாதபுரத்து வெயிலும் வன்னியின் முட்புதரும், கடலைவிட அகலமானது. அதனால் அந்தப் பக்க மலையில் ஒன்று, இந்தப் பக்க மலையில் ஒன்று என்று தனித்தனியாகப் பிரிந்து வளர்ந்தார்கள். இந்தப் பக்கத்து உறவினர் நம் நீலகிரி ஈப்பிடிப்பான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பார்த்திருப்பீர்கள். அது இன்னும் ஆழ்ந்த நீலம், வாலின் அடியில் வெள்ளைத் திட்டு. இரண்டும் ஒரே பேரினம். உட்காரும் தோரணைகூட ஒன்றுதான். ஊட்டியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இனி ஹக்கல நினைவு வரும். அங்கே இதைப் பார்த்தபோது தொட்டபெட்டா நினைவு வந்தது.

நுவரெலியா நகரத்துக்கு நடுவிலேயே விக்டோரியா பூங்கா இருக்கிறது. விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டான 1897-இல் ஏற்பட்டது. பேருந்து நிலையத்துச் சத்தம் கேட்கும் அந்த இடத்துக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வருகிறது. இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டு, இந்தியாவை முழுதாகத் தாண்டி, கடலையும் தாண்டி, இந்தப் பூங்காவின் மரத்துக்கு வந்து சேரும். தொண்டையில் செம்மஞ்சள், கையளவு உடம்பு. நம் தோட்டத்தில் ஒரு நாள் களைத்து இறங்கும் ஆறுமணிக்குருவியும் இங்கே சாக்கடையோரத்தில் நிம்மதியாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்னையில் வழியனுப்பியவர்களை அவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டிலேயே பார்க்கிறோம் அல்லவா? பாதி உலகம் பறக்கும் ஈப்பிடிப்பானும் தன் மலையை விட்டு இறங்காத ஈப்பிடிப்பானும் இந்த ஊரில் ஒரே குளிர்காலத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. காஷ்மீர்க்காரருக்கு இரு ஊர் உண்டு. மங்கல்நீலத்துக்கு ஒன்றுதான்.

அந்த ஒன்று பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. ஹோட்டன் சமவெளியில் பல இடங்களில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து நிற்கின்றன. 1970-களின் கடைசியிலிருந்தே ஆய்வாளர்கள் இதைக் கவனித்து வருகிறார்கள். வெப்பம் ஏறினால் தாழ்நிலத்துப் பறவை மேலே ஏறிக்கொள்ளலாம். 2,500 மீட்டர் உச்சியில் இருப்பது எங்கே ஏறும்? காய்கறித் தோட்டங்களும் விடுதிகளும் காட்டின் விளிம்பை அரித்துக்கொண்டிருக்கின்றன. தேயிலைக்கு நடுவே நிழல்மரம் விடுகிற தோட்டங்களில் இந்தப் பறவை வந்து உட்காருகிறது. மொட்டையாக வழித்த மலையில் அதைக் காணோம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

இலங்கைப் பறவைகள் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் ஜி. எம். ஹென்றியின் 1955-ஆம் ஆண்டுக் கையேட்டைத் தேடுங்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்தில் 1891-இல் பிறந்தவர். படங்களும் அவரே வரைந்தவை. இந்த மலையில் வளர்ந்த ஒருவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மலையில் மழை குறைவு, பறவை பாடவும் தொடங்கியிருக்கும், காஷ்மீர் விருந்தாளியும் இன்னும் ஊர் திரும்பியிருக்காது. ஹோட்டன் சமவெளிக்கு முதல் ஆளாகப் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிடும், கூட்டமும் ஏறிவிடும். ஹக்கலவுக்கு அந்த அவசரம் வேண்டாம். டிக்கெட் வாங்கி, மேல்படிகள் பக்கம் போய், காட்டை ஒட்டிய ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். தேவையே இல்லை, அதுவாக வரும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். மலையேற முடியாத அம்மாவும், இருநோக்கி பிடிக்கத் தெரியாத ஆறு வயதுக் குழந்தையும் முழுதாகப் பார்த்து மகிழக்கூடிய, உலகில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வாழும் பறவை இது. இப்படி இன்னொன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம்!

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் பம்பாய்ச் சோலை ஓரமாகவோ, ஊட்டியில் தொட்டபெட்டாவுக்குப் போகிற சாலையில் சோலை தொடங்கும் இடத்திலோ காலையில் போய் நில்லுங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் வரும். அதைக் கண்குளிரப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், பாட்டைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள், வாலடி வெள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். நான் அடுத்த மார்ச்சுக்கு மறுபடி கிளம்புகிறேன். கூட்டில் குஞ்சு இருக்கும் காலம் அது.